மூளைக்குள்ள வைட்டமின் சி: எப்படி உள்ள போகுது, எப்ப வெளிய வருது, வந்து என்ன பண்ணுது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வைட்டமின் சின்னாலே ஈறு, தோல், சளின்னு தானே சொல்றாங்க, மூளைக்கு அதுல என்ன வேலை?

நிறைய வேலை இருக்கு. உடம்புல வைட்டமின் சி ரொம்ப அடர்த்தியா இருக்கற இடங்கள்னு பாத்தா அட்ரினல் சுரப்பி, பிட்யூட்டரி, அதுக்கு அடுத்த வரிசைலயே மூளை வந்துடும். அதை விட கவனிக்க வேண்டியது என்னன்னா, சாப்பாட்டுல வைட்டமின் சி வராம போனா மத்த உறுப்பெல்லாம் மளமளன்னு காலி ஆகிடும், மூளை மட்டும் லேசுல விட்டுக்குடுக்காது. கினிப் பன்றிகளுக்கு வைட்டமின் சி இல்லாத தீனி குடுத்து பாத்தப்போ, மத்த உறுப்புகள்ல கிட்டத்தட்ட ஒண்ணுமே மிச்சமில்லாத நிலைமைலயும் மூளைல பழைய அளவுல கால்வாசி கிட்ட அப்படியே இருந்துது. அதுவும் சும்மா தேக்கி வச்சுக்கறதுக்காக இல்ல, நரம்பு வேலை செய்யறப்போ வெளிய விடுது, வேலை முடிஞ்சதும் திரும்ப உள்ள இழுத்துக்குது, பழுதானத சரி பண்ணி மறுபடி விடுது. கீழ இருக்கற கேள்விகள் பெரும்பாலும் அந்த போக்குவரத்த பத்திதான்.

அஸ்கார்பிக் ஆசிட், அஸ்கார்பேட், ரெண்டும் ஒண்ணா?

ஒரே பொருள்தான். மாத்திரைல இருக்கறப்போ ஆசிட், ரத்தத்துல கலந்ததும் அதோட ஒரு ஹைட்ரஜன் கழண்டு போய் நெகட்டிவ் சார்ஜ் உள்ள அஸ்கார்பேட்டா ஆயிடும், ரத்தத்தோட பிஎச் 7.4ல கிட்டத்தட்ட முழுசும் இந்த வடிவம்தான். அந்த சார்ஜை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, செல் சவ்வு வழியா அது தானா நுழைய முடியாததுக்கு காரணமே அதான். இன்னொண்ணு, அது ஒவ்வொண்ணா ரெண்டு எலக்ட்ரான் குடுக்கக்கூடியது, ரெண்டையும் குடுத்துட்டா டீஹைட்ரோ அஸ்கார்பேட்னு வேற ஒரு வடிவத்துக்கு மாறிடும். வைட்டமின் சி பண்ற எல்லா வேலைக்கும் அடிப்படை இந்த எலக்ட்ரான் குடுக்கறதுதான்.

மூளைல எவ்வளவு இருக்கும்?

இடத்தை பொறுத்து மாறும். நல்லா சாப்பிடற ஒருத்தரோட ரத்த பிளாஸ்மால சுமாரா 40லேர்ந்து 80 மைக்ரோமோலார் (செறிவ அளக்கற அலகு இது). மூளையையும் தண்டுவடத்தையும் சுத்தி ஓடற திரவத்துல, அதாவது சிஎஸ்எஃப்ல, அதை விட மூணு நாலு மடங்கு. மூளை செல்களுக்கு நடுவுல இருக்கற திரவத்துல 200லேர்ந்து 400 மைக்ரோமோலார். ஆஸ்ட்ரோசைட் மாதிரி துணை செல்களுக்கு உள்ள சுமார் 1 மில்லிமோலார், அதாவது 1,000 மைக்ரோமோலார், தகவல் சொல்ற நரம்பு செல்லான நியூரானுக்கு உள்ள போனா 10 மில்லிமோலார்னு கணக்கு போட்டிருக்காங்க. ரத்தத்தோட ஒப்பிட்டா நூறு மடங்குக்கும் மேல! செல்லுக்கு உள்ள இருக்கற கணக்கு எலி மூளைய வச்சு போட்டது, ஆனா இந்த ஏணி மாதிரியான ஏற்றம்தான் விஷயமே, ரத்தத்துலேர்ந்து நியூரான் வரைக்கும் ஒவ்வொரு படிலயும் யாரோ சக்தி செலவு பண்ணி மேல ஏத்தறாங்க.

யாரு ஏத்தறாங்க? ரத்தத்துலேர்ந்து மூளைக்கு எப்படி போகுது?

எஸ்விசிடி2ன்னு ஒரு புரோட்டீன். செல் சவ்வுல உக்காந்துக்கிட்டு, ரெண்டு சோடியத்தோட சேத்து ஒரு அஸ்கார்பேட்ட உள்ள இழுக்கும். இதோட கூடப்பிறந்தது எஸ்விசிடி1, அது குடல்லயும் சிறுநீரகத்துலயும் வேலை செய்யுது. ரெண்டோட ஜீனையும் 1999ல தான் கண்டுபிடிச்சாங்க, வைட்டமின் சிய பிரிச்சு எடுத்து எழுபது வருஷம் கழிச்சு.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. மூளைக்கு போற ரத்தக் குழாய்களோட சுவர்ல, அதாவது ரத்த-மூளைத் தடுப்புன்னு சொல்றோமே அந்த செல்கள்ல, எஸ்விசிடி2 கிடையாது. அப்ப நேர் வழி மூடியிருக்கு. அதனால அஸ்கார்பேட் சுத்து வழில போகுது. மூளைக்குள்ள இருக்கற அறைகள்ல கோராய்டு பிளெக்ஸஸ்னு ஒரு திசு இருக்கு, சிஎஸ்எஃப்ப சுரக்கறது அதுதான், அந்த திசுவோட செல்கள்ல ரத்தத்தை பாத்த பக்கம் எஸ்விசிடி2 இருக்கு. அங்க உள்ள போய், மறுபக்கம் சிஎஸ்எஃப்ல இறங்கி, அங்கேர்ந்து மூளைத் திசுவுக்குள்ள பரவி, கடைசில நியூரானோட சவ்வுல இருக்கற எஸ்விசிடி2 அதை உள்ள எடுத்துக்கும். ரெண்டு இடத்துல ரெண்டு தடவை ஏத்தறதால தான் அந்த நூறு மடங்கு வித்தியாசம் வருது.

இந்த எஸ்விசிடி2 இல்லன்னா என்ன ஆகும்?

எலிகள்ல இந்த ஜீனை நீக்கி பாத்தாங்க, 2002ல வெளிவந்துது. குட்டிங்க பிறந்த கொஞ்ச நேரத்துல செத்துடுச்சு, மூச்சு விட முடியல, மூளைல ரத்தக் கசிவு, மூளைல வைட்டமின் சி கண்டுபிடிக்கற அளவுக்கு கூட இல்ல. இவ்வளவுக்கும் எலி ஈரல்ல சொந்தமாவே வைட்டமின் சி தயாரிக்கற பிராணி. தயாரிப்பு இருந்தும் கொண்டு சேர்க்க ஆள் இல்லன்னா பிரயோஜனம் இல்ல.

டீஹைட்ரோ அஸ்கார்பேட் வடிவத்துல நேரா மூளைக்குள்ள போகும்னு படிச்சேனே, அது உண்மையா?

உண்மைதான். டீஹைட்ரோ அஸ்கார்பேட்டுக்கு சார்ஜ் கிடையாது, உருவம் குளுக்கோஸ் சாயல்ல இருக்கறதால குளுக்கோஸ ஏத்தற குளூட்1ங்கற புரோட்டீன் இதையும் விட்டுடும், குளூட்1 ரத்த-மூளைத் தடுப்புல ஏராளமா இருக்கு. உள்ள போனதும் செல்கள் அதை மறுபடி அஸ்கார்பேட்டா மாத்திடும், மாத்தினதும் சார்ஜ் வந்துடும், திரும்பி வெளிய போக முடியாது, மாட்டிக்கும். 1997ல எலிகள்ல இதை அழகா காட்டினாங்க. ஆனா சாதாரணமா ரத்தத்துல டீஹைட்ரோ அஸ்கார்பேட் ரொம்ப ரொம்ப கம்மி, பக்கத்துலயே குளுக்கோஸ் அதை விட பல மடங்கு நின்னு போட்டி போடும், அதனால தினசரி சப்ளைக்கு கோராய்டு பிளெக்ஸஸ் வழிதான் பெருசுன்னு நான் எடுத்துக்கறேன்.

சரி, உள்ள போனது எப்படி வெளிய வருது? இதான் எனக்கு புரியவே இல்ல.

கொஞ்சம் பொறுமையா வாங்க, ரொம்ப சுவாரசியமான இடம் இதுதான். நியூரான்கள் ஒண்ணுக்கொண்ணு தகவல் சொல்ல அதிகமா பயன்படுத்தற கெமிக்கல் குளூட்டமேட். ஒரு நியூரான் குளூட்டமேட்ட வெளிய விட்டதும் அடுத்த நியூரான் கிளர்ச்சி ஆகும். ஆனா அந்த குளூட்டமேட் அங்கயே ரொம்ப நேரம் கிடந்தா அடுத்த நியூரான் அளவுக்கு மீறி கிளர்ச்சி ஆகி செத்தே போகலாம், அதனால பக்கத்துல இருக்கற ஆஸ்ட்ரோசைட்டுங்க உடனே அதை உறிஞ்சி எடுத்துடும். இப்படி குளூட்டமேட் உள்ள போறப்போ தான் அஸ்கார்பேட் வெளிய வருது. குளூட்டமேட்ட உறிஞ்சற புரோட்டீனை மருந்து குடுத்து அடைச்சா அஸ்கார்பேட் ரிலீஸும் குறைஞ்சு போகுது, அதை வச்சுதான் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பிணைஞ்சிருக்குன்னு முடிவுக்கு வந்தாங்க.

முதல்ல, ஒரே புரோட்டீன் ஒரு கையால குளூட்டமேட்ட வாங்கிட்டு இன்னொரு கையால அஸ்கார்பேட்ட குடுக்குதுன்னு நேரடி பரிமாற்றமா நினைச்சாங்க. அப்புறம் தனியா வளர்த்த ஆஸ்ட்ரோசைட்டுகள்ல பாத்தப்போ வேற கதை தெரிஞ்சுது. குளூட்டமேட் உள்ள போறப்போ கூடவே சோடியம் போகுது, சோடியம் போனா தண்ணி பின்னாடியே போகும், செல் லேசா வீங்கும். செல் வீங்கினா பழைய சைஸுக்கு திரும்ப, வீக்கத்தால திறக்கற சில சேனல்கள் இருக்கு, நெகட்டிவ் சார்ஜ் உள்ளத எல்லாம் வெளிய விடற சேனல்கள், அஸ்கார்பேட்டுக்கும் நெகட்டிவ் சார்ஜ் தானே, அதுவும் அந்த வழியா இறங்கி வந்துடும். குளூட்டமேட்டே இல்லாம வெறும் நீர்த்த திரவத்துல போட்டு செல்ல வீங்க வச்சாலும் அஸ்கார்பேட் வெளிய வந்துது, அந்த சேனல்கள அடைக்கற மருந்து போட்டா நின்னுடுச்சு. ரிலீஸ் ஆகறது ஆஸ்ட்ரோசைட்டுலேர்ந்து மட்டுமா, நியூரான்லேர்ந்தும் உண்டாங்கறதுல ஆராய்ச்சியாளர்களுக்குள்ள ரெண்டு கட்சி இருக்கு, கையிருப்பு நியூரான்ல தான் அதிகம்ங்கறது ஒரு கட்சியோட வாதம். வீக்கத்தால திறக்கற சேனல் வழிக்கு நேரடி ஆதாரம் அதிகமா இருக்கறது ஆஸ்ட்ரோசைட்ல தான், அதனால நான் அந்த பக்கம்.

டோபமைன்ங்கற நரம்பு கெமிக்கல் மாதிரி, வெசிக்கிள்ங்கற குட்டிப் பைலேர்ந்து வெளிய வருதுன்னு சொல்றது தப்பா?

மூளைய பொறுத்த வரைக்கும் பெரும்பாலும் அப்படி இல்ல. அட்ரினல் சுரப்பியோட உள்பகுதில இருக்கற செல்கள்ல மட்டும் அது சரி, அங்க வெசிக்கிளுக்குள்ள அட்ரினலின் நார்அட்ரினலினோட அஸ்கார்பேட்டும் சேர்ந்தே இருக்கும், வெசிக்கிள் சவ்வோட ஒட்டி திறக்கறப்போ ரெண்டும் ஒண்ணா கொட்டும். மனுஷங்களுக்கு அட்ரினல தூண்டற ஏசிடிஹெச் ஹார்மோன் குடுத்து அட்ரினல் சிரைலேர்ந்து ரத்தம் எடுத்து பாத்தும் வைட்டமின் சி ஏறினத 2007ல காட்டியிருக்காங்க. இந்த அட்ரினல் கதைய அப்படியே மூளைக்கு ஒட்டி எழுதிடறாங்க நிறைய பேர், அங்கதான் குழப்பம்.

எந்த நேரத்துல அதிகமா ரிலீஸ் ஆகும்?

விழிச்சு நடமாடறப்போ. எலிங்க ஓடி ஆடி மோப்பம் பிடிச்சுக்கிட்டு இருக்கறப்போ மூளையோட ஸ்ட்ரையேட்டம் பகுதில, உடம்பு அசைவ ஒழுங்கு பண்ற இடம் அது, செல்களுக்கு வெளிய இருக்கற அஸ்கார்பேட் ஏறும், தூங்கறப்போ இறங்கும், மயக்க மருந்து குடுத்தாலும் இறங்கும். ஆம்ஃபெடமைன்ங்கற ஊக்க மருந்து குடுத்தா நல்லாவே ஏறும். ஸ்ட்ரையேட்டத்துக்கு குளூட்டமேட் கொண்டு வர்றது மூளையோட மேல்பகுதியான கார்டெக்ஸ்லேர்ந்து வர்ற நரம்பிழைகள், அந்த இழைகள வெட்டி விட்டா இந்த ஏற்றம் குறைஞ்சு போகுது. மேல சொன்ன குளூட்டமேட் கதையோட இது கச்சிதமா பொருந்துது பாருங்க.

உயிரோட இருக்கற மூளைல இதை எப்படி அளக்கறாங்க?

இதுக்கு ஒரு நல்ல கதை இருக்கு. கன்சாஸ் பல்கலைக்கழகத்துல ரால்ஃப் ஆடம்ஸ்னு ஒரு கெமிஸ்ட், 1973ல அவரும் அவர் குழுவும் எலியோட மூளைக்குள்ள பொடி சைஸ் கார்பன் எலக்ட்ரோட் ஒண்ண இறக்கி, வோல்ட்டேஜ ஏத்திக்கிட்டே போய் எந்த கெமிக்கல் எலக்ட்ரான் குடுக்குதுன்னு கரண்ட்ட வச்சு பாக்கற முறைய ஆரம்பிச்சாங்க. டோபமைன் மாதிரி கெமிக்கல நேரடியா மூளைக்குள்ளயே பிடிச்சுடலாம்ங்கறது ஆசை. ஆனா வந்த சிக்னல்ல பெரும்பங்கு அஸ்கார்பேட்! ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வோல்ட்டேஜ்ல தான் எலக்ட்ரான் குடுக்கும், போன்ல ஒரே மாதிரி குரல் உள்ள ரெண்டு பேர் பேசினா யாருன்னு தெரியாம முழிப்போமே அந்த நிலைமை, அதுலயும் அஸ்கார்பேட்டோட அளவு டோபமைன விட ஆயிரக்கணக்கான மடங்கு ஜாஸ்தி.

அதனால டோபமைன் ஆளுங்களுக்கு வைட்டமின் சி பல வருஷம் ஒரு தொந்தரவா தான் இருந்துது. நாஃபியான்னு நெகட்டிவ் சார்ஜ் உள்ள ஒரு பிளாஸ்டிக் பூச்ச எலக்ட்ரோட் மேல பூசினா அது அஸ்கார்பேட்ட தள்ளி விட்டுடும், இப்படி தள்ளி விட வழி தேடினவங்க ஒரு பக்கம். சனியன் போகவே மாட்டேங்குதேன்னு இவங்க புலம்பிக்கிட்டு இருக்க, இது ஏன் இப்படி ஏறி இறங்குதுன்னு கேட்டவங்க இன்னொரு பக்கம், மூளை வைட்டமின் சிய ரிலீஸ் பண்ற விஷயமே அந்த ரெண்டாவது கூட்டத்தால தான் வெளிச்சத்துக்கு வந்துது. அஸ்கார்பேட்ட மட்டும் அழிக்கற என்சைம் ஒண்ண அந்த இடத்துல விட்டு, சிக்னல் காணாம போகுதான்னு பாத்து உறுதி பண்ணிக்குவாங்க.

இதே குழப்பம் ஆஸ்பத்திரிலயும் உண்டு. ரொம்ப ஹை டோஸ் வைட்டமின் சிய நரம்புல ஏத்தினவங்களுக்கு விரல்ல குத்தி பாக்கற சில சுகர் மெஷின்கள் சுகர் அளவ பொய்யா ஏத்தி காட்டும், அங்கயும் எலக்ட்ரோட் தான், அங்கயும் அஸ்கார்பேட் குடுக்கற எலக்ட்ரான்தான் காரணம். அந்த நம்பர நம்பி இன்சுலின் போட்டா சுகர் ஆபத்தா இறங்கிடும்.

வெளிய வந்த அஸ்கார்பேட் என்ன பண்ணும்?

ஒண்ணு, குளூட்டமேட் வேலை நடக்கற இடத்துல உருவாகற ஃப்ரீ ராடிக்கல்கள, அதாவது பக்கத்துல இருக்கறத தாக்கி கெடுக்கற மூலக்கூறுகள, அங்கயே அணைக்கும். மூளை உடம்பு எடைல 2 சதவீதம் தான், ஆனா ஓய்வுல உடம்பு செலவு பண்ற ஆக்ஸிஜன்ல சுமார் 20 சதவீதத்த அது இழுத்துக்குது, எளிதா கெட்டுப்போகற கொழுப்பும் அதுல ஏராளம், அதனால வேலை எங்க ஜாஸ்தியோ அங்க பாதுகாப்பும் ஜாஸ்தியா வந்து சேர்றது நியாயமான ஏற்பாடு. ரெண்டு, அது சிக்னலையே லேசா மாத்தும். குளூட்டமேட்ட வாங்கற என்எம்டிஏ ரிசெப்டர்ல எலக்ட்ரான் குடுக்கறது வாங்கறதுக்கு உணர்வுள்ள பகுதி இருக்கு, அஸ்கார்பேட் அந்த ரிசெப்டரோட வேலைய தணிக்கறதா சோதனைகள்ல பாத்திருக்காங்க. கால்சியத்த உள்ள விடற டி-டைப் சேனல்கள்ல ஒரு வகையையும் அது அடக்கும், அதுவும் ரொம்ப குறைஞ்ச செறிவுலயே. அதனால இத நியூரோமாடுலேட்டர்னு சிலர் சொல்றாங்க, அதாவது தானா ஒரு தகவல சொல்லாது, மத்தது சொல்ற தகவலோட சத்தத்த கூட்டி குறைக்கும். எனக்கு அந்த பேர்ல ஆட்சேபணை இல்ல, ஆனா அதை டோபமைன், செரடோனின் வரிசைல ஒரு நியூரோட்ரான்ஸ்மிட்டர்னே எழுதறது மிகை.

வேலை முடிஞ்சதும் அது வீணா போயிடுமா?

போகாது, அதுதான் மூளையோட சாமர்த்தியம். எலக்ட்ரான் குடுத்து டீஹைட்ரோ அஸ்கார்பேட்டா ஆனது வெளியவே கிடந்தா சில நிமிஷத்துல உடைஞ்சு போயிடும், அப்புறம் திரும்ப வைட்டமின் சியா ஆக்கவே முடியாது. அதுக்குள்ள ஆஸ்ட்ரோசைட் குளூட்1 வழியா அதை உள்ள எடுத்து, குளூட்டாதயோன்ங்கற செல்லோட சொந்த ஆன்டிஆக்ஸிடன்ட் உதவியால எலக்ட்ரான் குடுத்து, மறுபடி அஸ்கார்பேட்டா ஆக்கிடும், அடுத்த தடவை குளூட்டமேட் வர்றப்போ அது திரும்ப வெளிய வரும், நியூரான் எஸ்விசிடி2 வழியா அதை எடுத்துக்கும். ஆஸ்ட்ரோசைட்ல எஸ்விசிடி2 சாதாரணமா இருக்கறதில்ல, அதனால அதோட கையிருப்புக்கு இந்த மறுசுழற்சி ரொம்ப முக்கியம்.

இதுல ஒரு கிளைக் கதை. நியூரானுக்குள்ள அஸ்கார்பேட் ஏறினா அது குளுக்கோஸ் எடுத்துக்கறத குறைச்சு, ஆஸ்ட்ரோசைட் குடுக்கற லாக்டேட்ட எரிபொருளா எடுத்துக்க ஆரம்பிக்குதுன்னு வளர்த்த நியூரான்கள்ல பாத்து 2009 வாக்குல ஒரு கருத்த முன்வச்சாங்க. அதாவது அஸ்கார்பேட் வந்து சேர்றதே, இப்ப வேலை ஜாஸ்தி எரிபொருள மாத்திக்கோன்னு ஒரு சுவிட்ச் மாதிரி. கருத்து அழகா இருக்கு, ஆனா நியூரான் லாக்டேட்ட எவ்வளவு நம்பியிருக்குங்கறதே மூளை ஆராய்ச்சில பழைய சண்டை, அதனால இத இன்னும் முடிஞ்ச விஷயமா எடுத்துக்காதீங்க.

டோபமைன், நார்அட்ரினலின் இதெல்லாம் தயாரிக்க வைட்டமின் சி வேணுமா?

நார்அட்ரினலினுக்கு நேரடியாவே வேணும். டோபமைன நார்அட்ரினலினா மாத்தற என்சைம் டோபமைன் பீட்டா ஹைட்ராக்சிலேஸ், அதுல காப்பர் இருக்கு, ஒவ்வொரு தடவையும் அந்த காப்பருக்கு எலக்ட்ரான் குடுக்கறது அஸ்கார்பேட். சிக்கல் என்னன்னா இந்த என்சைம் வெசிக்கிளுக்கு உள்ள இருக்கு, உள்ள இருக்கற அஸ்கார்பேட் எலக்ட்ரான குடுத்து தீர்ந்து போனா என்ன பண்றது? வெசிக்கிளோட சவ்வுல சைட்டோகுரோம் பி561ன்னு ஒரு புரோட்டீன், வெளிய இருக்கற அஸ்கார்பேட்கிட்டேர்ந்து எலக்ட்ரான மட்டும் வாங்கி சவ்வ தாண்டி உள்ள குடுத்துடும், உள்ள இருக்கறது புதுசாயிடும். பொருள் உள்ள போகாமலேயே எலக்ட்ரான் மட்டும் போகுது, என்னா டிசைன் பாருங்க!

டோபமைனுக்கு மறைமுகமா. டைரோசின் ஹைட்ராக்சிலேஸ்ங்கற என்சைமுக்கு டெட்ராஹைட்ரோபயோப்டெரின்னு ஒரு துணைப்பொருள் வேணும், அதை கெடாம வச்சுக்க அஸ்கார்பேட் உதவுது. இன்னொண்ணு பிஏஎம்ங்கற என்சைம், இதுலயும் காப்பர், இதுக்கும் அஸ்கார்பேட் வேணும், ஆக்ஸிடோசின், வாசோப்ரெசின், சப்ஸ்டன்ஸ் பி மாதிரி நிறைய பெப்டைடுகளோட நுனிய முடிச்சு குடுக்கறது இதுதான், நுனி முடியாத பெப்டைடு பெரும்பாலும் வேலைக்கு ஆகாது. பிட்யூட்டரில வைட்டமின் சி ஏன் அவ்வளவு குவிஞ்சிருக்குன்னு இப்ப புரியும்.

ஜீனையும் தொடும்னு சொல்றாங்களே?

டெட் என்சைம்கள்னு ஒரு குடும்பம், டிஎன்ஏ மேல ஒட்டியிருக்கற மெத்தில் அடையாளத்த மாத்தி எடுக்கற வேலை அதுங்களோடது. அதுல இரும்பு இருக்கு, அந்த இரும்ப வேலை செய்யற நிலைல வச்சுக்க வைட்டமின் சி உதவுதுன்னு 2013ல ஸ்டெம் செல்கள்ல தெளிவா காட்டினாங்க. இந்த மாற்றத்துல உருவாகற ஹைட்ராக்ஸிமெத்தில் அடையாளம் மத்த திசுக்கள விட மூளைல ரொம்ப ஜாஸ்தி. அதனால மூளைல இதுக்கு பெரிய பங்கு இருக்கலாம்னு எதிர்பார்ப்பு இருக்கு.

நம்ம உடம்பு ஏன் சொந்தமா தயாரிக்கறதில்ல?

கடைசி கட்டத்துக்கு வேணும்ங்கற எல்-குலோனோலாக்டோன் ஆக்ஸிடேஸ்ங்கற என்சைமோட ஜீன் நம்மகிட்ட உடைஞ்சு கிடக்கு. குரங்கு, மனிதக்குரங்கு, கினிப் பன்றி, நிறைய வௌவால் இனங்கள் எல்லாருக்கும் இதே கதிதான். ஆராய்ச்சிக்கு கினிப் பன்றிய தேடி பிடிக்கறது இதனாலதான்.

குறைஞ்சா மூளைல என்ன தெரியும்?

வைட்டமின் சி குறைபாட்டு நோயான ஸ்கர்வின்னா ஈறுல ரத்தம், பழைய காயம் திறக்கறதுன்னு தான் படிச்சிருப்போம், ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி வர்றது களைப்பும் மனசு வாடறதும். 1939ல ஜான் கிராண்டன்னு பாஸ்டன்ல ஒரு சர்ஜன், தன் மேலயே சோதனை பண்ணி மாசக்கணக்குல வைட்டமின் சி இல்லாத சாப்பாடு சாப்பிட்டார், தோல்ல அறிகுறி வர்றதுக்கு முன்னாடியே அசதி வந்துடுச்சு. 1971ல வந்த ஒரு ஆய்வுல, வைட்டமின் சி நிறுத்தப்பட்ட தன்னார்வலர்களோட மனநிலைக் கேள்வித்தாள்கள்ல சோர்வும் உடம்ப பத்தின கவலையும் ஏறினத பாத்தாங்க. நார்அட்ரினலின் உற்பத்தி குறையறது ஒரு காரணமா இருக்கலாம், தசைக்கு வேணும்ங்கற கார்னிடின் குறையறதும் அசதிக்கு சொல்ற காரணம்.

வளர்ற மூளைல விஷயம் இன்னும் சீரியஸ். பிறந்த கினிப் பன்றிக் குட்டிகளுக்கு நாள்பட்ட குறைபாடு உண்டாக்கினப்போ, ஹிப்போகேம்பஸ்ல, ஞாபகத்துக்கான பகுதி அது, நியூரான் எண்ணிக்கையே கம்மியா இருந்துது, வழி ஞாபகம் வச்சுக்கறதுலயும் பின்தங்கினதுன்னு 2009ல காட்டினாங்க. வெளிய ஸ்கர்வி தெரியாத அளவு குறைபாட்டுலயே இது. பிகு பண்ணி கையிருப்ப காப்பாத்தற மூளைக்கும் ஒரு எல்லை இருக்கு.

அப்ப நிறைய மாத்திரை போட்டா மூளை ஷார்ப் ஆகுமா?

குறைபாடு இல்லாதவங்களுக்கு ஆகாது. காரணம் மேல சொன்ன போக்குவரத்துலயே இருக்கு. ஒவ்வொரு படிலயும் ஏத்தற புரோட்டீனுக்கு ஒரு உச்ச வேகம் இருக்கு. 1996ல அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துல ஆரோக்கியமான இளைஞர்கள வச்சு படிப்படியா டோஸ ஏத்தி பாத்தாங்க, 200 மில்லிகிராம் வரைக்கும் கிட்டத்தட்ட முழுசா உறிஞ்சப்பட்டுது, 1,250 மில்லிகிராம் குடுத்தப்போ உறிஞ்சினது பாதிக்கும் கீழ, ரத்த அளவு ஒரு நாளைக்கு 200லேர்ந்து 400 மில்லிகிராம் வாக்குலயே மட்டத்துக்கு வந்துடுச்சு, மீதிய சிறுநீரகம் வெளிய தள்ளிடுது. ரத்தமே ஏறாதப்போ சிஎஸ்எஃப் எங்கேர்ந்து ஏறும்? ரத்தத்துல குறைஞ்சா சிஎஸ்எஃப் அவ்வளவா குறையாது, ரத்தத்துல கூடினா சிஎஸ்எஃப் அவ்வளவா கூடாது, ரெண்டு பக்கமும் மூளை தன் அளவ தானே காப்பாத்திக்குது. அமெரிக்க பரிந்துரை ஆம்பளைங்களுக்கு 90, பொம்பளைங்களுக்கு 75 மில்லிகிராம், புகை பிடிக்கறவங்களுக்கு இன்னும் 35 சேத்து. பழம் காய்கறி ஒழுங்கா சாப்பிட்டாலே இது வந்துடும்.

நரம்புல ஊசியா ஏத்தினா?

குடல் தடைய தாண்டிடும், ரத்த அளவு மாத்திரையால வரவே முடியாத உயரத்துக்கு போகும், அது வரைக்கும் சரி. ஆனா கோராய்டு பிளெக்ஸஸ்ல எஸ்விசிடி2 ஏற்கனவே உச்சத்துல தான் ஓடிக்கிட்டு இருக்கும், அதனால மூளைக்குள்ள அதே விகிதத்துல ஏறும்னு எதிர்பாக்கக்கூடாது. மூளை ஷார்ப் ஆகணும்னு இதை போட்டுக்கறது காசுக்கும் கேடு.

அல்சைமர், ஸ்ட்ரோக், ஹன்டிங்டன் இதுக்கெல்லாம் மருந்தா ஆகுமா?

இப்போதைக்கு மருந்து இல்ல. ஹன்டிங்டன்ங்கறது உடம்பு அசைவ கெடுக்கற பரம்பரை மூளை நோய், அது உள்ள மாதிரி மாத்தின எலிகள்ல, நடமாடறப்போ ஸ்ட்ரையேட்டத்துல ஏற வேண்டிய அஸ்கார்பேட் ஏறாம இறங்குது, ரிலீஸ்ல கோளாறு இருக்குன்னு அர்த்தம், இது எனக்கு ரொம்ப முக்கியமா படற கண்டுபிடிப்பு, ஏன்னா அங்க பிரச்சனை சப்ளைல இல்ல, குளூட்டமேட்ட உறிஞ்சற இடத்துல. ஸ்ட்ரோக்குல, 2001ல எலிகளுக்கு டீஹைட்ரோ அஸ்கார்பேட்ட ரத்தத்துல குடுத்து மூளைச் சேதத்த குறைச்சாங்க, சாதாரண அஸ்கார்பேட் குடுத்தப்போ அந்த பலன் இல்ல, மனுஷங்களுக்கான சிகிச்சையா அது மாறல. அல்சைமர்ல, வைட்டமின் இ, சி, ஆல்ஃபா லிபோயிக் ஆசிட் மூணையும் சேர்த்து 16 வாரம் குடுத்த ஒரு சோதனை 2012ல வந்துது, சிஎஸ்எஃப்ல ஆக்ஸிடேஷன் அடையாளம் ஒண்ணு குறைஞ்சுது, ஆனா ஞாபகப் பரிட்சை மதிப்பெண் போலி மருந்து எடுத்தவங்கள விட வேகமா இறங்குச்சு. ஆன்டிஆக்ஸிடன்ட் தானே, என்ன கெட்டுடப் போகுதுன்னு கேக்கறவங்களுக்கு இத சொல்லுங்க.

ஆன்டிஆக்ஸிடன்ட் எப்பவாவது எதிரா வேலை செய்யுமா?

செய்யும். கட்டுல இல்லாத இரும்பு, காப்பர் பக்கத்துல இருந்தா அஸ்கார்பேட் குடுக்கற எலக்ட்ரான் ஆக்ஸிஜன் வழியா ஹைட்ரஜன் பெராக்சைடையும் புது ராடிக்கல்களையும் உண்டாக்கும். சாதாரணமா உடம்பு இரும்ப புரோட்டீன்ல பூட்டியே வச்சிருக்கும், ஆனா மூளைல ரத்தக் கசிவு ஆன இடத்துல அப்படி சொல்ல முடியாது.

ஹை டோஸ் யாரு எடுக்கவே கூடாது?

சிறுநீரகக் கல் வந்தவங்க, ஏன்னா வைட்டமின் சில ஒரு பங்கு ஆக்ஸலேட்டா மாறும். ஹீமோகுரோமடோசிஸ் மாதிரி உடம்புல இரும்பு சேர்ற நோய் உள்ளவங்க. சிவப்பணுக்கள காப்பாத்தற ஜி6பிடிங்கற என்சைம் குறைபாடு உள்ளவங்க, அவங்களுக்கு ஹை டோஸ் ஊசி போட்டா சிவப்பணுக்கள் உடையலாம், அதனால ஊசிக்கு முன்னாடி அந்த டெஸ்ட்ட பாக்கணும். பெரியவங்களுக்கு வாய் வழியா ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் தான் உச்ச வரம்பு, அதுக்கு மேல போனா முதல்ல வயித்துப்போக்குதான் வரும். சுகருக்கு விரல்ல குத்தி பாக்கறவங்க, வைட்டமின் சி ஊசி போட்டுக்கற மாதிரி இருந்தா டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லி லேப்ல ரத்தம் குடுத்து பாருங்க.